செர்ரித் தக்காளி என்று நினைத்து வளர்த்த மணத்தக்காளி

ஏழு தொட்டி, ஏழு செடி. காலையில் காபி டம்ளரோடு ஒரு முறை, மாலையில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்ததும் ஒரு முறை எட்டிப் பார்த்து, முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டு, மழை பலத்தால் சுவரோரம் நகர்த்தி வைத்து, மூன்று வாரம் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். செர்ரித் தக்காளி வருகிறது என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தந்தீன், அதாவது அத்தை, ஒரு நாள் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சா ப்ரேத் மார்த்தேன் சா, மோ திஃபீ" என்றார், இங்கே மொரிஷியஸில் பேசும் கிரியோல் மொழியில். அது ப்ரேத் மார்த்தேன் அம்மா, என்கிறார். ஏழில் நான்கைக் காட்டித்தான் சொன்னார்.

ப்ரேத் மார்த்தேன் என்றால் மணத்தக்காளி.

மணத்தக்காளியை எனக்குத் தெரியாதா? எங்கள் தென்காசிப் பக்கம் அதை மிளகுதக்காளி என்போம். வாய்க்கால் ஓரம், மாட்டுத் தொழுவத்துப் பின்பக்கம், கிணற்றடி என்று எங்கே பார்த்தாலும் நிற்கும். வாய்ப்புண் வந்தால் அம்மா அந்தக் கீரையில்தான் தேங்காய்ப் பால் விட்டுக் கொடுப்பாள். கறுத்துப் பழுத்ததைப் பறித்துத் தின்று நாக்கு ஊதாவாகிப் போன வயதெல்லாம் எனக்கும் உண்டு. அப்படிப்பட்டவள் மொரிஷியஸ் வந்து பத்து வருடம் ஆன பிறகு அதையே தொட்டியில் வைத்துத் தக்காளி என்று சீராட்டியிருக்கிறேன். வளர்ந்த செடியைத்தான் எனக்கு அடையாளம் தெரியும், முளையைத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. களை முளைக்கும்போது யார் குனிந்து பார்த்தோம்?

ப்ரேத் என்றால் இங்கே கீரை. வந்த புதிதில் சந்தையில் ப்ரேத் ப்ரேத் என்று கூவியதைக் கேட்டு எனக்குப் பிரேதம்தான் ஞாபகம் வந்தது, சிரிக்காதீர்கள். மார்த்தேன் என்றால் மைனா. முருங்கைக்கீரை ப்ரேத் முரும். கொத்தமல்லி கொத்தொமிலி, கறிவேப்பிலை காரிபூலே, பீர்க்கங்காய் பிப்பங்காய். வீட்டுப் பேச்சு முழுக்கக் கிரியோலாகிப் போன குடும்பங்களிலும் காய்கறிக் கூடைக்குள் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. தக்காளிக்கு மட்டும் அந்த யோகம் இல்லை, அது பொம்தாமூர், பிரெஞ்சுக்காரர்கள் வைத்த 'காதல் ஆப்பிள்'. அதுவும் நியாயம்தான். தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்கு, நம் ஊரிலேயே அதற்குச் சீமைத்தக்காளி என்ற பெயர் இருந்திருக்கிறது. வெறும் தக்காளி என்ற பெயர் அது வருவதற்கு முன்பு மணத்தக்காளி மாதிரியான நாட்டுச் செடிகளுடையது. அதனால் நான் வளர்த்ததும் ஒருவகையில் தக்காளிதான் என்று வீட்டுக்காரரிடம் வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எல்லாம் பெலால் புயலில் ஆரம்பித்தது. 2024 ஜனவரி 15, பொங்கல் அன்றைக்கு வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போன காட்சியைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் மேட்டு நிலத்தில், வக்வாவில் இருக்கிறோம், வெள்ளம் இல்லை, ஆனால் காற்று விடவில்லை. வாசலில் அடுப்பு மூட்டும் ஆசையை விட்டுவிட்டுக் குக்கரில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் பப்பாளி மரம் முறிந்து நேராக என் மக்குத் தொட்டி மேல் விழுந்தது. ஆறு மாதமாகச் சேர்த்த காய்கறிக் கழிவு, காய்ந்த மாலை, தேயிலைத் தூள், எல்லாம் மழையில் கரைந்து தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. அதை அள்ளும் தெம்பு அப்போது இல்லை. தைப்பூசக் காவடிக்குப் போய்விட்டு வந்து மேலும் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தரையெல்லாம் முளை.

அந்தக் குப்பைக்குள் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி, பாதி தொளதொளத்துப் போன ஒரு பெட்டி செர்ரித் தக்காளி இருந்தது எனக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்கிக் குப்பையில் போட்டது மனதில் நிற்குமே. அதனால் முளைத்ததெல்லாம் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தினமும் ரசத்துக்கும், ருகாய் என்கிற இந்த ஊர்த் தக்காளித் தொக்குக்கும் வெட்டிய சாதாரணப் பொம்தாமூரின் விதையும் அதே குப்பையில்தான் போயிருக்கிறது, வேலிக் கம்பியில் உட்காரும் மைனாவும் கொந்தேயும் போடுகிற விதையும் அதே மண்ணில்தான் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போது தோன்றவே இல்லை. கொந்தே என்பது நம் ஊர்க் கொண்டைக்குருவிதான், கன்னத்தில் சிவப்பு மீசை வைத்தது. அதுவும் ஆசியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டு, பிறகு தீவையே தனதாக்கிக்கொண்ட பறவை.

சரி, முளையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று வருகிறேன். ஏமாந்த பிறகு பொறுமையாக உட்கார்ந்து, எல்லாவற்றிலும் இரண்டு இரண்டாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

தக்காளி, மணத்தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் ஒரே குடும்பம், குழந்தையாக இருக்கும்போது எல்லாம் ஒரே முகம். மண்ணைப் பிளந்து வருகிற முதல் இரண்டு இலைகள் விதைக்குள்ளேயே மடிந்து இருந்தவை, வித்திலை. தக்காளியின் வித்திலை நீளமாக, ஒல்லியாக, நுனி கூர்ந்து இருக்கும். மணத்தக்காளியுடையது அதைவிடச் சின்னது, குட்டை, முட்டை வடிவில் நுனி மட்டும் லேசாகக் கூர்ந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரிகிறது. தனியாகப் பார்த்தால் நாம் எதை ஆசைப்படுகிறோமோ அதுதான் தெரிகிறது. தண்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் தக்காளித் தண்டில் மெல்லிய ரோமம் நெருக்கமாக நிற்கும். அடித்தண்டு ஊதா பூத்திருப்பதை மட்டும் அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டாம், மணத்தக்காளியிலும் அந்த ஊதா வரும், இலையின் அடிப்பக்கத்தில்கூட வரும். நான் கவிழ்ந்தது அங்கேதான்.

உண்மையான சாட்சி அடுத்து வரும் இலை. தக்காளியில் மூன்றாவதாக வருகிற இலையே ஓரம் வெட்டுப்பட்டு, கத்தரித்த மாதிரி மடலாகப் பிரிந்துதான் வரும். நான்காவது ஐந்தாவதில் சந்தேகமே இருக்காது. மணத்தக்காளி இலை முழுசாக, வெற்றிலையைச் சின்னதாக்கின மாதிரி வரும், வளர்ந்தாலும் ஓரத்தில் லேசான அலைதான், பிளவு கிடையாது. அதோடு வாசனை. இலையை விரலால் தேய்த்து முகர்ந்தால் தக்காளி தன் பெயரைச் சொல்லிவிடும், அந்தக் காட்டமான வாடை கையைக் கழுவினாலும் சீக்கிரம் போகாது, நாலைந்து செடியைத் தொட்டால் விரலில் பச்சைக் கறையே ஏறும். மணத்தக்காளியைத் தேய்த்தால் சும்மா பச்சிலை வாசம்.

மிளகாய் முளைக்கும் வித்திலை நீளம்தான், ஆனால் ரோமம் இல்லாமல் வழவழவென்று மின்னும், அடுத்த இலையும் அப்படியே. கத்தரியின் வித்திலை கொஞ்சம் அகலம், அடுத்த இலை தடித்து, தொட்டால் வெல்வெட். என் தோட்டத்தில் இன்னொரு குழப்பமும் இருந்தது. காவடி மாலையிலிருந்து உதிர்ந்த துலுக்கச் சாமந்தி. அதன் இலை முதலிலிருந்தே சீப்பு மாதிரி வெட்டுப்பட்டு வரும், தூரத்திலிருந்து பார்த்தால் தக்காளி என்றுதான் நினைப்போம். முகர்ந்தால் கோயில் வாசம் வரும், அதோடு தீர்ந்தது. ஊமத்தையும் இதே குடும்பம்தான், வித்திலை நீளமாக, அளவில் தக்காளியைவிடப் பெரிதாக வரும், அடுத்த இலை பிளவில்லாமல், கசக்கினால் குமட்டும். அடையாளம் உறுதியாகாத முளையைக் கீரை என்று கிள்ளிச் சமைத்துவிட வேண்டாம். தக்காளி இலையும் கீரை இல்லை.

இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது மூன்று வாரம் எப்படித் தெரியாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம், வீட்டுக்காரரும் கேட்டார். தெரிந்தது. இலை வெட்டுப்படவில்லை என்பதை நான் பார்த்தேன். ஆனால் தக்காளியில் உருளைக்கிழங்கு இலை வகை என்று ஒன்று உண்டு, அதில் இலை ஓரம் பிளவில்லாமல்தான் வரும் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தேன். ஆஹா, நமக்கு அபூர்வ வகை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான். அந்த வகை இருப்பது உண்மை, ஆனால் அதிலும் வாடை தக்காளி வாடைதான், தேய்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை நினைத்தால் இன்னும் வெட்கம். தொட்டிகளை நான் வீட்டின் தெற்குத் தாழ்வாரத்தில் வைத்திருந்தேன். தென்காசியில் தை மாசி மாதத்தில் வெயில் தெற்கே சாய்ந்துதான் விழும், வற்றல் வடகம் எல்லாம் தெற்கு மாடியில் காய்ந்துதானே பழக்கம். கை தானாக அங்கே கொண்டு வைத்துவிட்டது. மொரிஷியஸ் இருப்பது தெற்கே 20 டிகிரி அட்சரேகையில். இங்கே வருடத்தில் பெரும்பாலான நாள் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். பத்து வருடம் இருந்தும், துணி காயப்போடும்போது தெரிந்த விஷயம் செடி வைக்கும்போது தெரியவில்லை. வெளிச்சம் போதாமல் எல்லா நாற்றும் நூல் நூலாக நெட்டையாகி, இலை சிறுத்து, வெளிறிப் போய், எது எது என்றே சொல்ல முடியாத கோலத்தில் இருந்தன. நாற்று ஒரு பக்கமாகக் கழுத்தை நீட்டினால் உரம் கேட்கவில்லை, வெயில் கேட்கிறது என்று அர்த்தம். தந்தீன் சொன்ன அன்றைக்கே மிச்சமிருந்த மூன்றையும் வடக்குப் பக்கம் மாற்றினேன். நேராக உச்சி வெயிலில் வைக்காமல், முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி என்று ஒரு வாரம் பழக்கினேன். இல்லாவிட்டால் இலை வெளுத்துக் கருகிவிடும்.

நெட்டையான நாற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, தக்காளி அந்த விஷயத்தில் பெரிய மனசுக்காரச் செடி. மாற்றி நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே நாலைந்து இலை மட்டும் தெரியும்படி தண்டைக் கழுத்துவரை மண்ணுக்குள் புதைத்துவிட்டால், புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். தொட்டியில் ஆழம் இல்லையென்றால் தண்டைப் படுக்கப் போட்டு நுனியை மட்டும் நிமிர்த்தி விடலாம். மிளகாயிலோ கத்தரியிலோ இந்த அளவுக்குச் சலுகை கிடையாது. சின்ன முளையை எடுத்து நடும்போது இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை ஒன்று போனால் வேறு வரும், தண்டு நசுங்கினால் முடிந்தது.

இப்போது முக்கியமான கேள்வி. மிச்சம் மூன்றும் தக்காளிதான், வாடை அடித்துச் சொல்கிறது. செர்ரியா, சாதாரணப் பொம்தாமூரா? இதற்கு நான் பார்க்காத காணொளி இல்லை. தண்டு மெலிசாக இருந்தால் செர்ரி, இலை சின்னதாக இருந்தால் செர்ரி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் நாற்று நிலையில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டும் ஒரே இனம், செர்ரி என்பது அதில் ஒரு வகைதான். குள்ள வகை என்றால் கணுக்கள் நெருங்கியிருப்பதை வைத்து ஏதோ சொல்லலாம், மற்றபடி ஜோசியம்தான்.

தெரிய ஆரம்பிப்பது பூக்கொத்து வரும்போது. சாதாரணத் தக்காளியில் ஒரு கொத்துக்கு நாலு, ஐந்து, ஆறு பூ. செர்ரியில் கொத்து நீண்டுகொண்டே போகும், பத்து, பதினைந்து, சிலசமயம் இரண்டாகக் கிளைத்து இருபதுக்கும் மேல். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கும்போது இன்னும் தெளிவு. கடைசியில் பழத்தைக் குறுக்கே வெட்டினால் செர்ரியில் பெரும்பாலும் விதை அறை இரண்டுதான் இருக்கும், பெரிய தக்காளியில் மூன்று நாலு அதற்கும் மேல். என்னுடைய மூன்றில் ஒன்று ஐந்து ஐந்து பூவாக விட்டு, பொம்தாமூர் என்று ஒத்துக்கொண்டது. மற்ற இரண்டும் செர்ரி. ஆனால் அதில் ஒன்றுதான் பெட்டியில் வாங்கினது மாதிரி உருண்டை. இன்னொன்று நீள்வட்டமாக, பெரிய திராட்சை மாதிரி, தோல் தடித்து, இனிப்பு கம்மி.

அது ஏன் அப்படி என்றால், கடையில் பெட்டியில் விற்கும் செர்ரித் தக்காளி பெரும்பாலும் எஃப்-1 கலப்பினம். இரண்டு வேறு வேறு தக்காளியை மணந்து பிறந்த முதல் தலைமுறை. அதன் விதையைப் போட்டால் பேரப்பிள்ளைகள் மாதிரி, ஒன்று தாத்தா ஜாடை, ஒன்று பாட்டி ஜாடை, ஒன்று யார் ஜாடையும் இல்லை. சின்னப் பழம் என்கிற குணம் பெரிய பழத்தை மிஞ்சி நிற்கிற குணம் என்பதால் பெரும்பாலும் சின்னதாகவே வரும், ஆனால் அதே ருசி வரும் என்று நம்பிப் பத்துத் தொட்டி வைக்காதீர்கள். அதே பழம்தான் வேண்டும் என்றால் விதை வேண்டாம், கிளையை வையுங்கள். இலைக்கும் தண்டுக்கும் நடுவில் கக்கத்திலிருந்து கிளம்பும் பக்கக் குருத்தை ஒரு சாண் வளர விட்டுக் கிள்ளி, தண்ணீர் டம்ளரில் போட்டால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விட்டுவிடும். அது தாய்ச்செடியின் அச்சு அசல். எனக்கு அந்த உருண்டை வகையில் இன்னும் இரண்டு செடி இப்படித்தான் கிடைத்தன.

நாட்டு வகை விதை கிடைத்தால் எடுத்து வைக்கலாம். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, அந்தக் கொழகொழப்போடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் புளித்து நுரைக்கும், நாற்றம் சகிக்காது, சமையலறையில் வைக்க வேண்டாம். விதையைச் சுற்றியிருக்கிற அந்த வழுவழுப்புதான் பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் விதையைத் தடுத்து வைத்திருப்பது. புளித்ததும் அது கழன்றுவிடும். அலசி, தட்டில் பரப்பி, நிழலில் காய வைத்துக் காகித உறையில் போட்டு, தேதி எழுதுங்கள். அம்மா சாம்பலில் புரட்டிச் சுவரில் அப்பி வைப்பாள், எனக்கு அதற்குச் சுவர் இல்லை.

விதைப்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரை விரற்கடை ஆழம், ஈரம், கதகதப்பு, ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். தண்ணீரைக் கொட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் முளை அடித்தண்டில் நீர் கோத்து, கறுத்து, நூல் மாதிரி சுருங்கிச் சாயும், அதுதான் நாற்றழுகல். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் இருப்பவை சாயாமல் பார்க்கலாம், அவ்வளவுதான். தந்தீன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "த்ரோ திலோ, த்ரோ திலோ" என்பார். தண்ணீர் அதிகம், தண்ணீர் அதிகம்.

எப்போது விதைப்பது என்பதில்தான் நம் ஊர்க் கணக்கு இங்கே தலைகீழ். ஆடிப் பட்டம் தேடி விதை என்று அம்மா போனில் ஞாபகப்படுத்துவாள். இங்கே ஆடி மாதம் குளிர்காலத்தின் நடு, வக்வாவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூறலில் நிற்கிற மாதம். தையும் மாசியும் புயல் காலம். புயல் பயம் அடங்குகிற மார்ச், ஏப்ரலில் விதைத்தால் மேட்டு நிலத்தில் செடி நிதானமாக ஏறி, ஜூன் ஜூலையில் பழம் தரும். வீட்டுக்காரரின் நண்பர் ஃப்ளிக்-அன்-ஃப்ளாக்கில், கடற்கரையில், டிசம்பரில் நட்டார். செடி ஆள் உயரம், பூவும் கொத்துக் கொத்தாக, ஆனால் ஒரு பிஞ்சு இல்லை. பகல் 32 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராமல் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு உதிரும். அவர் உரக்கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். கடற்கரையில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் நடுங்கள், எங்களைவிட உங்களுக்குத்தான் அப்போது நன்றாக வரும். எங்களுக்கு அந்தக் குளிர்த் தூறலில் பின் கருகல் என்கிற நோய் வரும், இலையில் தண்ணீர் கோத்த மாதிரி பழுப்புத் திட்டு, அடியில் வெள்ளைப் பூசணம். கண்ட இலையை உடனே கிள்ளிக் கட்டி எறிந்து, மண்ணில் உரசும் கீழ் இலைகளை எடுத்துவிட்டு, தண்ணீரை வேரில் மட்டும் விட்டால் கொஞ்சம் தள்ளிப் போடலாம். முழுசாக நிறுத்த முடிந்ததில்லை.

செர்ரி கொடி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் சாதி. நடும் அன்றைக்கே முட்டுக்கொம்பு ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும். நான் ஒரு தண்டு, அதோடு முதல் பூக்கொத்துக்குக் கீழே வந்த ஒரு கிளை, இரண்டை மட்டும் விட்டு மற்ற பக்கக் குருத்தைக் கிள்ளினேன். எல்லாவற்றையும் கிள்ளி மொட்டையடிப்பவர்களும் உண்டு, அது எனக்குப் பிடிக்கவில்லை, நிழல் இல்லாமல் பழம் வெந்துபோகிறது. பூ வந்ததும் காலையில் கொத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அதே பூவின் மகரந்தமே அதற்குப் போதும். அடியில் கரும்புச் சோகை பரப்பினேன், இந்தத் தீவில் அதற்கு மட்டும் பஞ்சமே கிடையாது. ஈரம் சீராக நின்றது. ஒரு வாரம் காயப்போட்டு ஒரே நாளில் குடம் குடமாக ஊற்றினால், உள்ளே ஊதித் தோல் தாங்காமல் செர்ரி வெடித்துவிடும். பெரிய மழை வரும் என்று தெரிந்தால் நிறம் மாற ஆரம்பித்ததை முந்தின நாளே பறித்துவிடுங்கள், மேஜையில் பழுக்கும். அந்த முட்டை ஓட்டுப் பொடி பற்றிக் கேட்டீர்களானால், அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், நான் போட்டது என் திருப்திக்கு.

எதிரிகளில் முதல் எதிரி குர்ப்பா. நத்தைதான், ஆனால் உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தை. ஒரு ராத்திரியில் இரண்டு நாற்றைத் தண்டோடு மென்றுவிட்டுப் பளபளவென்று கோடு போட்டு வைத்துவிட்டுப் போகும். கேரளாக்காரர்கள் இதனால் படும் பாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை இந்தியாவுக்கு முதலில் கொண்டுபோனது 1847இல் வில்லியம் பென்சன் என்பவர், கொண்டுபோனது இந்த மொரிஷியஸிலிருந்துதான், விட்டது கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில். நமக்கு இங்கிருந்து போன சீதனம். மருந்து எதுவும் வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பொறுக்கி எடுத்தால் போதும், வெறுங்கையால் தொடாதீர்கள், கிருமி உண்டு. மகளுக்கு இதில் ஏக உற்சாகம், எண்ணிக்கை எழுதி வைப்பாள்.

பழ ஈக்குக் கொத்தின் மேல் பழைய வலைத்துணிப் பை மாட்டினேன். பொம்தாமூர்ச் செடிதான் பாவம். மே மாதம் ஒரு நாள் பச்சை இலையோடு மத்தியானம் தொங்கியது, சாயங்காலம் நிமிர்ந்தது, நாலு நாளில் நிமிரவே இல்லை. தந்தீன் தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் வெட்டின இடத்திலிருந்து பால் நூல் மாதிரி வழிந்தது. பாக்டீரியா வாடல். மண்ணிலிருந்து வருவது, மருந்து கிடையாது, அந்த இடத்தில் சில வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வைக்கக் கூடாது. இங்கே விவசாயிகளுக்கு இது பழைய தலைவலி. சுண்டைக்காய்ச் செடியின் வேரில் தக்காளியை ஒட்டுக் கட்டினால் தாங்கும், அதை அடுத்த முறை செய்து பார்க்கிறேன், சுண்டை விதையும் ஊரிலிருந்து எடுத்து வர முடியாது, தாவரச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், இங்கேதான் தேட வேண்டும்.

அந்த நான்கு மணத்தக்காளியை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. பிடுங்கப் போனேன், தந்தீன் விடவில்லை. தொட்டியோடு இரண்டைத் தன் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் இலையைத்தான் உண்பார்கள், வெங்காயம், பூண்டு, இஞ்சி தட்டிப் போட்டு புயோன் என்று ஒரு தண்ணிச் சாறு வைப்பார்கள், சோற்றில் விட்டுக் குடிக்க அவ்வளவு இதம். காயை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். குருவிக்கு, என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறு வாரம் அவர் பக்கத்துச் செடியின் காயையும் நானே பறித்து வந்து, மோரில் உப்புப் போட்டு ஊறவைத்து, இந்த முறை சரியாக வடக்குப் பக்கம் முறத்தில் காய வைத்தேன். ஜூன் கடைசியில் முதல் உருண்டைச் செர்ரி ஒரு கிண்ணம் பழுத்தது, அதில் பாதியை மகள் செடியடியிலேயே தின்றுவிட்டாள். மிச்சத்தையும் மணத்தக்காளி வற்றல் போட்ட குழம்பையும் எடுத்துக்கொண்டு தந்தீன் வீட்டுக்குப் போனேன். தக்காளியைத் தொடவில்லை அவர். குழம்பில் கிடந்த வற்றலை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து, இன்னொன்று எடுத்தார்.